கொழுந்துக்காரியின் உடையும் கற்பனை மாந்தர் உடையும்

கேமரன் மலையின் தேயிலைத் தோட்டங்களில் கொழுந்தெடுக்கப் புறப்பட்ட தமிழ்ப் பெண்ணின் உடையை எண்ணிப் பார்த்தால் ஐந்தாறு அடுக்குகள் தேறும். உள்ளே இரவிக்கையும் கைலியும். அவற்றின் மேல் மணிக்கட்டு வரை மறைக்கும் ஆண்மக்கள் சட்டை. குளிர் மிகுந்தால் கம்பளி. இடுப்பைச் சுற்றிச் சாக்கு அல்லது மழைத்தாள். தலையைச் சுற்றி ஒரு துணி. பிற்காலத்தில் காலுக்கு ரப்பர்க் காலணி. இவற்றுள் பார்ப்பவர் கண்ணைக் கருதி அமைந்த அடுக்கு ஒன்றேனும் இல்லை. ஒவ்வொன்றும் ஒரு வேலையைச் செய்வதற்காகவே உடம்பில் ஏறியது.

அதே பெண்ணை விளம்பரப் படங்களில் காணும்போது கதை வேறாகிறது. மெல்லிய சேலை, ஒளிவீசும் மூக்குத்தி, நிறைந்த வளையல், நனையாத முந்தானை, களைப்பறியாத புன்னகை. படத்தில் மழை பெய்வதில்லை. செடியின் கிளை கையைக் கீறுவதில்லை. ஒருத்திக்கே இரண்டு உடைகள் அமைந்துவிட்டன. ஒன்று அவள் உடுத்தது. மற்றொன்று பிறர் அவளுக்கு உடுத்தியது.

இவ்விரண்டையும் அருகருகே வைத்து ஆராய வேண்டிய தேவை இக்காலத்தில் எழுந்துள்ளது. இணையத்தின் வழியே பல்லாயிரவர் கூடி ஆடும் கற்பனை விளையாட்டுகளில் வாளேந்திய மங்கையர் பலர் உலவுகின்றனர். அவர்களுக்கு உடலை மறைக்கும் உடை தகுமா, உடலைக் காட்டும் உடை தகுமா என்னும் வழக்கு நெடுநாளாக நடக்கிறது. நாணம் காக்கப்பட வேண்டும் என்பார் ஒரு சாரார். கற்பனைக்கு வேலி இடலாகாது என்பார் மற்றொரு சாரார். இரு சாராரும் துணியின் அளவையே பேசுகின்றனர். கேமரன் மலையின் கொழுந்துக்காரியோ அதற்கும் முற்பட்ட ஒரு கேள்வியை எழுப்புகிறாள்: அந்தத் துணியைத் தெரிந்தெடுத்தவர் யார்?

மலையும் உடையும்

பகாங் மாநிலத்தின் மேற்கு எல்லையில் அமைந்த இம்மலைப் பகுதியை 1885ஆம் ஆண்டில் நில அளவையாளர் வில்லியம் கேமரன் கண்டறிந்து குறித்தார். அவர் பெயரே மலைக்கு வழங்கலாயிற்று. அதன் பின் நாற்பது ஆண்டுகள் அது பெரும்பாலும் காடாகவே கிடந்தது. 1925இல் சர் ஜார்ஜ் மாக்ஸ்வெல் இங்கு வந்து பார்த்த பின்னரே மலைவாழிடமாகவும் வேளாண் நிலமாகவும் வளர்க்கும் முயற்சி தொடங்கிற்று. தாப்பாவிலிருந்து மலைப்பாதை அமைக்கப்பட்டது. 1929இல் ஜே. ஏ. ரசல் என்பார் 'போ' தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். 1933இல் பாரத் தேயிலைத் தோட்டம் தோன்றியது.

காடு வெட்டவும் சரிவுகளில் செடி நடவும் கொழுந்து எடுக்கவும் தமிழ்த் தொழிலாளர் குடும்பங்கள் மலையேறின. அக்காலத்தில் மலாயாவுக்குத் தமிழ்நாட்டிலிருந்து ஆள் சேர்க்கும் கங்காணி முறை நடைமுறையில் இருந்தது. 1938இல் இந்திய அரசு தொழிலாளர் அனுப்புதலைத் தடை செய்ததோடு அது முடிவுற்றது.

தானா ராத்தா கடல் மட்டத்திற்கு ஏறத்தாழ 1,440 மீட்டர் உயரத்தில் உள்ளது. அங்கு ஆண்டு மழை 2,500 மில்லிமீட்டருக்கும் மேல். காலையில் மூடுபனி சரிவுகளை மறைத்து நிற்கும். இடுப்பளவு கத்தரித்து வளர்த்த தேயிலைச் செடிகளின் வரிசைகளுக்கிடையே புகுந்து நடப்பவரின் துணி சற்று நேரத்தில் நனைந்துவிடும். ஓயாமல் வெட்டப்படும் செடியின் கிளைகள் தடித்து முருடாகி, உரசும் துணியைக் கிழிக்கும், தோலையும் கீறும். சமவெளியின் வெயிலுக்குப் பழகிய மக்களுக்கு இந்நிலம் புதிது. ஊரிலிருந்து கொண்டுவந்த உடைப் பழக்கம் இங்கு அப்படியே செல்லுபடியாகவில்லை.

ஆகவே உடை மாறிற்று. மலாய் நாட்டுக் கைலி தமிழ்ப் பெண்ணின் வேலை உடையாயிற்று. கணவனின் பழைய சட்டை மனைவியின் மேலுடையாயிற்று. உரமும் அரிசியும் வந்த சாக்கு இடுப்புக் கவசமாயிற்று. கவசம் என்னும் சொல் இங்கு மிகை ஆகாது. உடலைத் தாக்கும் பொருள் எது, தாக்கும் இடம் எது என அறிந்து அவ்விடத்தை மறைப்பதே கவசம். முள்ளுக்கும் ஈரத்துக்கும் எதிராக இப்பெண்கள் தாமே வகுத்துக்கொண்டது அதுவே. இதனை வரைந்து தந்த ஓவியர் ஒருவரும் இலர், பட்டறிவே வரைந்தது.

நிழற்படக்காரரின் கண்

தோட்டத் தொழிலாளருக்குப் படத்தில் உடை தரும் வழக்கம் கேமரன் மலைக்கு முன்பே இலங்கையில் வேரூன்றியது. கொழும்பு நகரின் நிழற்பட நிலையங்கள் 'தமிழ்ப் பெண்' எனவும் 'கொழுந்தெடுப்போர்' எனவும் தலைப்பிட்ட படங்களை அயல்நாட்டுப் பயணிகளுக்கு விற்றன. படம் எடுக்கப்படும்போது நகைகளும் மடிப்புக் குலையாத சேலையும் முதன்மை பெற்றன. சேறும் சாக்கும் விலக்கப்பட்டன.

இக்கண்ணின் இயல்பை விளக்க ஒரு நிகழ்ச்சி போதும். ஆங்கில நாட்டுப் புகழ்பெற்ற நிழற்படக் கலைஞர் ஜூலியா மார்கரெட் கேமரன் 1875 முதல் தம் இறுதிக் காலம் வரை இலங்கையில் வாழ்ந்தார். மலைக்குப் பெயர் தந்த நில அளவையாளர் வேறு, இவ்வம்மையார் வேறு. களுத்துறையில் தங்கி, தோட்டத் தொழிலாளரையும் ஏவலரையும் ஊர் மக்களையும் படம் எடுத்தார். 1877இல் தாவர ஓவியர் மரியான் நார்த் அவர் இல்லத்துக்கு விருந்தினராக வந்தார். நார்த் அம்மையாரைப் படம் எடுக்க விரும்பிய கேமரன், அவருக்குக் கம்பளியாலான நீண்ட தொங்கலாடை போர்த்தி, கூந்தலை அவிழ்த்துவிட்டு, நண்பகல் வெயிலில் தென்னங்கீற்றுகள் தலையில் குத்த நிற்க வைத்தார். இதனை நார்த் தம் நினைவு நூலில் நகைச்சுவையோடு எழுதியுள்ளார். ஒரு மனிதரின் முதுகின் வடிவழகைக் கண்டு வியந்த கேமரன், தமக்குத் தோட்டமே இல்லாதபோதும் அவரைத் தோட்டக்காரராக அமர்த்தச் செய்தார் என்னும் செய்தியும் அந்நூலில் உண்டு.

வெப்பநாட்டு நண்பகலில் கம்பளி ஆடை உடுத்துவார் யார்? அவ்வாடை அணிந்தவரின் உடலுக்காக அமைந்ததன்று. பார்ப்பவரின் கற்பனைக்காக அமைந்தது. அது உடலை நன்றாகவே மூடியிருந்தது என்பதும் நினைவிற் கொள்ளத் தக்கது. ஆனால் நார்த் அம்மையாருக்கு எழுதும் வாய்ப்பு இருந்தது. தமக்கு நேர்ந்ததைச் சொல்லிச் சிரிக்க முடிந்தது. அதே கருவியின் முன் நின்ற தொழிலாளர் என்ன நினைத்தனர் என்பதற்கு அவர்கள் எழுத்து எதுவும் இல்லை. படம் மட்டும் நின்றுவிட்டது.

வாங்குவோர் விருப்பம்

1890இல் தாமஸ் லிப்டன் இலங்கையில் தோட்டங்களை வாங்கினார். தோட்டத்திலிருந்து நேரே தேநீர்க் குடுவைக்கு என்பது அவர் விளம்பரத்தின் கருத்து. அதற்கு உருவம் தரத் தமிழ்க் கொழுந்துக்காரி பயன்பட்டாள். கூடை தாங்கி, சேலை உடுத்தி, நகை அணிந்து நின்ற அவ்வுருவம் ஐரோப்பிய இல்லங்களுக்குள் புகுந்தது. பியா சட்டர்ஜி, ஆனந்தி ராமமூர்த்தி முதலிய ஆய்வாளர்கள் இத்தகைய தேயிலைப் படங்களை விரிவாக ஆராய்ந்துள்ளனர்.

வாங்குவோர் மாறியபோது படத்துப் பெண்ணின் உடையும் மாறிற்று. இந்திய மக்களிடையே தேநீரைப் பரப்ப முயன்றபோது விளம்பரத்தில் வேறொரு பெண் தோன்றினாள். 1947இல் அன்னதா முன்ஷி வரைந்த விளம்பரத்தில் இராட்டையின் அருகே தேநீர்க் கோப்பையோடு அமர்ந்த பெண்ணைக் காணலாம். தேநீரும் சுதேசிப் பொருளே என்பது அதன் கருத்து. அயல்நாட்டாருக்குக் கீழ்நாட்டு அணங்காக நின்றவள், உள்நாட்டாருக்கு அடக்கமான குடும்பத் தலைவியானாள். ஓருருவம் கண்ணைக் கவர்ந்தது. மற்றோருருவம் மதிப்பைக் கவர்ந்தது. இரண்டிலும் பொருளை விற்பவரே உடையை முடிவு செய்தார். மழைத்தாள் கட்டிய பெண் இரண்டு படங்களிலும் இல்லை.

பழந்தமிழ் வேடம்

கற்பனை மாந்தருக்கு உடை வகுத்தல் தமிழருக்குப் புதிய கலை அன்று. சிலப்பதிகாரத்துக் கடலாடு காதையில் மாதவி பதினோராடல் ஆடுகிறாள். ஒவ்வோர் ஆடலையும் அதற்குரிய தெய்வத்தின் அணியோடும் முறையோடும் ஆடினாள் என இளங்கோவடிகள் குறிக்கிறார். உடை ஆடுபவள் விருப்பத்தையோ காண்பவர் விருப்பத்தையோ பற்றி அமையாமல், பாத்திரத்தின் தன்மையைப் பற்றி அமைந்தது. அப்பதினொன்றுள் கடையம் என்பது அயிராணி வயலில் நின்று ஆடியது. உழவர் குலப் பெண்ணான கடைசியின் கோலத்தைத் தெய்வமகள் மேற்கொள்கிறாள். உழைக்கும் பெண்ணின் வடிவம் அன்றே அரங்கேறிவிட்டது.

வேட்டுவ வரியில் எயினர் தம் குலக் குமரியைக் கொற்றவையாகக் கோலம் செய்கின்றனர். பாம்புக்குட்டி போன்ற நாணால் சடை கட்டி, பன்றியின் கோரைப்பல்லைப் பிறையாகச் சாத்தி, புலிப்பல்லைத் தாலியாக்கி, விலங்கின் தோலை உடையாக்கி, கையில் வில்லைத் தருகின்றனர். அவ்வணிகள் யாவும் எயினர் வாழ்க்கையிலிருந்து எடுக்கப்பட்டவை. வேடம் அணிந்தவள் அக்குலத்தவள், அணிவித்தவரும் அக்குலத்தவர், வணங்கியவரும் அவரே.

முல்லைப்பாட்டில் வேந்தனின் பாசறைக்குள் விளக்கேற்றும் மங்கையர் வருகின்றனர். அவர்கள் கச்சில் வாளைச் செருகியுள்ளனர். அக்கச்சு வாளைத் தாங்குகிறது. அதே பாட்டில் யவனக் காவலர் மெய்ப்பை அணிந்து வருகின்றனர். அது மெய்யை மூடுகிறது. புலவர் உடையைக் கூறும்போது அது செய்யும் தொழிலையும் உடன் கூறினார். வாளேந்திய பெண்ணைப் பாட வந்த இடத்தில் அவளுடைய கச்சு வீண் அலங்காரமாக நிற்கவில்லை.

மூடலும் திறத்தலும்

பழமை முழுதும் மூடிய உடையே என்று சிலரும், திறந்த உடையே என்று சிலரும் வாதிடுவர். வரலாறு இருவர்க்கும் முழுமையாகத் துணை நிற்பதில்லை. சோழர் காலத்துச் செப்புத் திருமேனிகளில் உமையம்மையின் மார்பில் இரவிக்கை இல்லை. அதனால் பத்திமை குறைந்ததில்லை. இன்று வீடுதோறும் காணும் சேலையுடுத்த கலைமகளும் திருமகளும் பெரிதும் இரவிவர்மா ஓவியத்தின் வழி வந்தவர்கள். அவர் 1894இல் பம்பாயில் அச்சகம் நிறுவி அப்படங்களைப் பல்லாயிரக் கணக்கில் பரப்பினார். மிகப் பழையது என எண்ணப்படும் அக்கோலத்தின் பெருவழக்கு நூற்றாண்டு சற்றுக் கடந்ததே.

துணியின் அளவு மட்டும் மானத்தை அளப்பதில்லை என்பதற்குத் தென் திருவிதாங்கூர் சான்று. அங்கு நாடார் பெண்களும் பிற ஒடுக்கப்பட்ட குலப் பெண்களும் மேல்சாதியார் முன் தோளை மூடுதல் கூடாது என்னும் வழக்கம் வன்மையாகக் காக்கப்பட்டது. 1813இல் கர்னல் மன்றோ கிறித்தவராகிய பெண்கள் குப்பாயம் அணிய இசைவு தந்தார். 1829இல் அரசு ஆணை குப்பாயத்தை அனுமதித்து, மேல்சாதிப் பெண்கள் அணியும் வகையிலான தோள்சீலையைத் தடுத்தது. 1858இலும் 1859இலும் கலகம் மூண்டது. பெண்களின் மேலாடை கிழிக்கப்பட்டது, வீடுகள் எரிந்தன. சென்னை ஆளுநர் சார்லஸ் டிரெவிலியனின் வற்புறுத்தலுக்குப் பின் 1859 ஜூலை 26ஆம் நாள் அரசாணை மேலாடை உரிமையை ஒப்புக்கொண்டது. அப்போதும் மேல்சாதிப் பெண்களைப் போல உடுத்தலாகாது என்னும் தடை நீடித்தது.

அப்பெண்கள் போராடியது மூடுதல் உயர்வு என்னும் கொள்கைக்காக மட்டும் அன்று. தம் உடலின் மீதான துணியைத் தாமே முடிவு செய்யும் உரிமைக்காகவும் ஆகும். திறந்திருக்க வேண்டும் எனப் பிறர் ஆணையிட்டதே அங்கு இழிவு. மூட வேண்டும் எனப் பிறர் ஆணையிடும் இடத்திலும் அவ்விழிவின் வேர் இருக்கக் கூடும்.

வாளேந்திய மங்கையர்

இவ்வளவுகோலோடு இணைய விளையாட்டுகளை நோக்கலாம். அவற்றுக்கு முன்னோடிகள் அமெரிக்கப் படக்கதைகள். 1973இல் மார்வெல் நிறுவனத்தின் படக்கதை ஒன்றில் ரெட் சோனியா என்னும் வாள்வீராங்கனை அறிமுகமானாள். அப்போது அவள் இரும்பு வளையச் சட்டை அணிந்திருந்தாள். மறு ஆண்டே எஸ்தபான் மரோட்டோ என்னும் ஓவியர் வரைந்த படத்தில் அச்சட்டை போய், சில இரும்புச் செதில்களாலான சிற்றாடை வந்தது. அக்கோலமே நிலைத்தது. கதையில் அவளுடைய பகைவர் குறையவில்லை; வாளின் கூர்மையும் குறையவில்லை. கவசம் மட்டும் குறைந்தது. வளையச் சட்டை அவளுக்காக வரையப்பட்டது. சிற்றாடை வாங்குவோருக்காக வரையப்பட்டது.

1998இல் கொரியாவில் வெளிவந்த 'லீனியேஜ்', 1999இல் வந்த 'எவர்குவெஸ்ட்', 2004இல் வந்த 'வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்' முதலியன பல்லாயிரவர் கூடி ஆடும் கற்பனை உலகங்களைப் பெரிதாக்கின. இத்தகைய விளையாட்டுகளில் ஒரே கவசத்தை ஆண் பாத்திரம் அணிந்தால் மார்பும் வயிறும் மறைவதும், பெண் பாத்திரம் அணிந்தால் அவையே வெளிப்படுவதும் பலமுறை சுட்டிக்காட்டப்பட்டன. பாதுகாப்பு எண் இரண்டுக்கும் ஒன்றே. கணக்கில் கவசம்; காட்சியில் அலங்காரம்.

2012இல் 'ஸ்மைட்' என்னும் விளையாட்டில் காளிக்குத் தரப்பட்ட உருவத்தை எதிர்த்து அமெரிக்காவில் ராஜன் செட் என்னும் இந்துத் தலைவர் குரல் எழுப்பினார். மரபிற் காளி தலைமாலையும் கைகளால் ஆன ஒட்டியாணமும் அன்றி வேறு உடை இன்றியும் காட்டப்படுவாள். அங்கு உடையின்மை அச்சமும் ஆற்றலும் ஆகும். ஆதலின் துணி குறைந்தது என்று மட்டும் சொன்னால் அவ்வழக்கு நிரம்பாது. அந்த உருவம் வணங்குவோர்க்கு என அமைந்ததா, களிப்போர்க்கு என அமைந்ததா என்பதே அதன் உட்பொருள்.

மறுபக்கமும் கூறத் தக்கது. 2011இல் 'வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்' விளையாட்டில், கவசத்தின் ஆற்றல் மாறாமலே அதன் தோற்றத்தை ஆடுபவர் விரும்பியவாறு மாற்றும் வசதி வந்தது. மூடிய உடை வேண்டுவார் அதனை எடுத்தனர். திறந்த உடை வேண்டுவார் அதனை எடுத்தனர். பெண்களுள்ளும் இரு திறத்தாரும் உண்டு. தெரிவு ஆடுபவர் கைக்கு வந்த அளவில் வழக்கின் வெப்பம் தணிய வழி ஏற்பட்டது. ஆயினும் புது உடைகளை விற்றே பொருள் ஈட்டும் விளையாட்டுகளில், தெரிவுக்கு வைக்கப்படும் உடைகளை வணிகமே வரைகிறது.

2021 ஜூலையில் அவ்விளையாட்டை நடத்தும் நிறுவனத்தின் மீது, பெண் ஊழியரை நடத்திய முறை குறித்துக் கலிஃபோர்னியா மாநில அரசுத் துறை ஒன்று வழக்குத் தொடுத்தது. அதன் பின் சில திங்களில் விளையாட்டினுள் இருந்த பெண் ஓவியம் ஒன்று நீக்கப்பட்டு, அவ்விடத்தில் பழத்தட்டு ஓவியம் வைக்கப்பட்டது. வழக்கு 2023 டிசம்பரில் ஊதியமும் பதவி உயர்வும் பற்றிய உடன்பாட்டோடு முடிந்தது. தொல்லை பற்றிய குற்றச்சாட்டுகள் திரும்பப் பெறப்பட்டன. வழக்கின் நியாயம் எதுவாயினும் ஒன்று தெளிவு. ஊழியர் எழுப்பியது வேலையைப் பற்றிய கேள்வி. ஓவியத்தை மாற்றுதல் அதற்கு விடை ஆகாது.

மலைக்குத் திரும்பினால்

இங்குதான் கொழுந்துக்காரி மீண்டும் நினைவுக்கு வருகிறாள். விளம்பரப் படத்தில் அவளுக்கு மேலும் ஒரு முழம் துணி சேர்ப்பதாலோ குறைப்பதாலோ அவள் வாழ்வில் மாறுதல் இல்லை. அவளுடைய கேள்வி கூலியையும் கூரையையும் மழையையும் பற்றியது.

இன்று கேமரன் மலையில் கையால் கிள்ளும் வேலை அருகிவிட்டது. தட்டு பொருத்திய கத்தரியும், இருவர் பிடித்து நடக்கும் வெட்டும் எந்திரமும் வந்துவிட்டன. தமிழ்க் குடும்பங்கள் பல தோட்டத்தை விட்டு இறங்கின. வங்காள தேசம், நேபாளம், இந்தோனேசியா ஆகிய நாடுகளின் தொழிலாளர் அவ்வேலையைச் செய்கின்றனர். ஆயினும் இடுப்பு மழைத்தாளும் முழுக்கைச் சட்டையும் தலைத்துணியும் மாறவில்லை. மலை மாறாதவரை அவை மாறா. பயணிகளுக்கான படங்களில் சேலையுடுத்த கூடைக்காரியும் இன்னும் மறையவில்லை.

தோட்டத்துக் குடும்பங்களில் பிறந்த பிள்ளைகள் கைப்பேசியில் வாள்வீராங்கனைகளுக்கு உடை தெரிந்தெடுக்கின்றனர். கற்பனை செய்வது குற்றம் ஆகாது; அது இளமையின் உரிமை. ஆனால் திரையில் காணும் உடையே அழகு என்றும், பாட்டி கட்டிய சாக்கு வெட்கத்துக்குரியது என்றும் ஒரு பிள்ளை எண்ண நேர்ந்தால் இழப்பு பெரிது. கடலாடு காதையும் வேட்டுவ வரியும் கற்பிக்கும் தமிழாசிரியர் இதற்கு மாற்றுச் செய்யலாம். மாதவியின் பதினோராடலைச் சொல்லும் வகுப்பிலேயே, கொழுந்து மலையில் உடுத்திய ஒவ்வோர் அடுக்கின் பெயரையும் பயனையும் வீட்டிலுள்ள முதியோரிடம் கேட்டு எழுதி வரச் செய்யலாம். எந்தச் சட்டை யாருடையது, சாக்கை எப்படி மடித்தார்கள், எந்தத் திங்களில் குளிர் மிகுந்தது என்பன அவ்வாறு கிடைக்கும்.

களுத்துறையில் கருவியின் முன் நின்ற தொழிலாளரின் சொல் நமக்குக் கிட்டாமற் போயிற்று. கேமரன் மலையில் கூடை சுமந்த பெண்களுட் சிலர் இன்னும் முதியோராய் வாழ்கின்றனர். தாம் உடுத்ததைப் பற்றித் தாமே சொல்ல அவர்களால் இயலும், கேட்பவர் வேண்டும்.